ஆம், இல்லை, ஆளையே காணோம்: உங்கள் எம்.பி.யின் வாக்குப் பதிவைப் படிப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சினன் ஒரு படம் அனுப்பினான். எங்கள் தொகுதி எம்.பி. கும்பிட்டபடி நிற்கிறார். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு மசோதாவின் பெயர். அதற்கும் கீழே, "நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்த நம் சிங்கம்."

நான் 26 வருடம் ஒரு நாளிதழில் புரூஃப் ரீடராக இருந்தவன். கண்ணில் படுகிற வாக்கியத்தைச் சும்மா விட்டுவிடும் பழக்கம் இல்லை. "எங்கடா பார்த்தே?" என்று கேட்டேன். "டி.வி.யிலயே எதிர்த்துப் பேசினாரே மாமா, நீங்க பார்க்கலியா?" என்றான். பேசியது சரி. வாக்களித்தாரா? அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தேட உட்கார்ந்தவன்தான். இப்போது ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரு நீள நோட்டோடு உட்கார்வது வழக்கமாகிவிட்டது. தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள், எப்படிப் பார்ப்பது என்று. அவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் எம்.பி. யார், அந்த மசோதா எது என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. வழிமுறை எந்தக் கட்சிக்காரருக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை, எம்.பி.யைத் தேடாதீர்கள். வாக்கெடுப்பைத் தேடுங்கள். அது எந்த வகை வாக்கெடுப்பு என்று தெரியாமல் மேற்கொண்டு ஒரு அடி வைத்தாலும் வீண்.

நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் ஓங்கி இருக்கிறது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதைச் சொல்வார். யாரும் மறுக்காவிட்டால் கதை முடிந்தது. யார் எந்தப் பக்கம் கத்தினார் என்று ஒரு வரிகூட எங்கும் எழுதப்படாது. அதாவது அந்த மசோதாவில் உங்கள் எம்.பி.யின் வாக்கு என்று ஒன்று உலகத்தில் எந்தக் காகிதத்திலும் கிடையாது. "எதிர்த்து வாக்களித்தார்", "ஆதரித்து வாக்களித்தார்" என்று யார் படம் போட்டாலும் அது ஊகம்.

சபாநாயகர் சொன்ன முடிவை ஓர் உறுப்பினர் ஏற்க மறுத்து "டிவிஷன்" கேட்டால்தான் கதை மாறும். மக்களவை விதி 367-இன்படி மணி அடிக்கும். மூன்றரை நிமிடம் கழித்துக் கதவுகளைச் சாத்திவிட்டு வாக்கெடுப்பு நடக்கும். இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும்: பச்சை ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் என்றால் நடுநிலை. அப்போதுதான் பெயர்ப் பட்டியல் உருவாகும். இதிலும் ஒரு சந்து இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் நினைத்தால், இரண்டு பக்கத்தவரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அப்படி எண்ணினால் பெயர்கள் பதிவாகாது. எண்ணிக்கை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2020 செப்டம்பர் 20 போதும். வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய நாள். எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, கொடுக்கப்படவில்லை. இருக்கையிலிருந்து முறைப்படி கேட்கவில்லை, அவையில் அமைதி இல்லை என்பது அவைத் துணைத் தலைவர் தரப்பு. இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்பது எதிர்த்தரப்பு. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம். நாடே பேசிய அந்தச் சட்டங்களுக்கு, எந்த எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்ற பட்டியல் கிடையாது. 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான், விவாதமே இல்லாமல். போகும்போதும் பட்டியல் இல்லை, வரும்போதும் பட்டியல் இல்லை.

பெயர்ப் பட்டியல் உறுதியாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அரசியல் சட்டத் திருத்தம். பிரிவு 368-இன்படி அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். குரலை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. ஆகவே முதல்முறையாகத் தேடப் போகிறவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். 2019 ஜனவரி 8, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீடு, மக்களவையில் 323-க்கு 3. 2023 செப்டம்பர் 20, மகளிர் இட ஒதுக்கீடு, மக்களவையில் 454-க்கு 2. தேதி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, எங்கே பார்ப்பது. நாடாளுமன்றத்தின் சொந்தத் தளம் சன்சத் டாட் இன். அதில் மக்களவை, மாநிலங்களவை என்று பிரித்து, தேதிவாரியாக விவாதங்கள் இருக்கும். பழையவை நாடாளுமன்ற மின்நூலகத்தில் கிடைக்கும். அந்தத் தேதிக்குரிய முழு விவாதத்தை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். சுருக்கம் என்று இருப்பதை எடுக்காதீர்கள், அதில் உங்களுக்கு வேண்டியது இருக்காது. நூற்றுக்கணக்கான பக்கம் வரும். பயப்பட வேண்டாம், டிவிஷன் நடந்த இடத்தில் ஆம், இல்லை, நடுநிலை என்று மூன்று தலைப்பில் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

இங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. நம்மூர்ப் பெயர்கள் டெல்லிக்குப் போனால் என்ன ஆகும் என்று புரூஃப் ரீடருக்குத் தெரியும். பட்டியல் ஆங்கில அகர வரிசையில், குடும்பப் பெயர் முன்னால் வருகிற முறையில் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. டி.ஆர். பாலுவை 'டி'யில் தேடினால் கிடைக்கமாட்டார், 'பி'யில் இருப்பார். கனிமொழியைத் தேடுபவர்கள் கருணாநிதி என்ற பெயரையும் பார்த்துவிட வேண்டும். தொல். திருமாவளவன் பெயரில் 'மா'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ' போட்டிருப்பார்கள். ஒரு 'ஏ' போட்டுத் தேடினால், அவர் அன்றைக்கு அவையிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நான் முதல்முறை இப்படி ஒரு பட்டியலில் தேடியபோது எங்கள் எம்.பி. பெயர் வரவில்லை, "ஆளே போகல" என்று குழுவில் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய அப்பா பெயரில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். மச்சினன் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். எனவே தேடல் பெட்டியை நம்பாதீர்கள். பட்டியலைத் தலைமுதல் கால்வரை விரல் வைத்துப் படியுங்கள். 543 பேர்தான், பத்து நிமிடம் ஆகாது.

பட்டியல் முடிந்ததும் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள். முடிவை அறிவிக்கும்போதே சபாநாயகர் "திருத்தத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் சொல்வார். பொத்தான் வேலை செய்யாதவர்கள், தவறாக அழுத்தியவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் பெயர் அடிக்குறிப்பில் வரும். ஏதோ இரண்டு மூன்று பேர் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்வதற்கான வாக்கெடுப்பில், மின்பலகை முதலில் காட்டியது 220-க்கு 149. சீட்டுகளையும் சேர்த்தபின் 269-க்கு 198. தொண்ணூற்றெட்டு பேர் சீட்டில் வாக்களித்திருக்கிறார்கள். பலகையைப் படம் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் கணக்கு பத்து நிமிடத்தில் பொய்யாகிவிட்டது.

இன்னொரு பொறி. ஒரே மசோதாவில் பல வாக்கெடுப்புகள் நடக்கும். மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒன்று, தேர்வுக்குழுவுக்கு அனுப்பலாமா என்பதற்கு ஒன்று, ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக, கடைசியில் நிறைவேற்றுவதற்கு ஒன்று. எதிர்க்கட்சி கொண்டுவந்த ஒரு திருத்தத்துக்கு "இல்லை" என்றவரை, மசோதாவுக்கே "இல்லை" என்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. திருத்தத்துக்காகப் போராடித் தோற்று, கடைசியில் மசோதாவுக்கு "ஆம்" போடுகிறவர்களும் உண்டு. அது முரண்பாடு இல்லை. எனவே டிவிஷனுக்கு நேர் மேலே, சபாநாயகர் எந்தக் கேள்வியை அவைமுன் வைத்தார் என்ற வரியைப் படித்து, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானம் எதிர்மறையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைத் திரும்பப் பெறச் சொல்லும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. அதில் "ஆம்" என்றால் அந்நிய முதலீடு வேண்டாம். "இல்லை" என்றால் இருக்கட்டும். அவசரமாகப் பார்த்தால் எல்லாரும் தலைகீழாகத் தெரிவார்கள்.

அந்த 2012 வாக்கெடுப்பை நான் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு எப்போதும் பாடமாக எடுப்பேன். எல்லா வகையும் அதில் இருக்கிறது. முடிவு: தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு தப்பித்தது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அந்நிய முதலீட்டை எதிர்த்துப் பேசின. பேசிவிட்டு வெளிநடப்பு செய்துவிட்டன. சமாஜ்வாதி 22, பகுஜன் சமாஜ் 21, மொத்தம் 43. பேசிய பேச்சுக்கேற்ப அந்த 43-ம் "ஆம்" பக்கம் விழுந்திருந்தால் 261-க்கு 253. அரசு தோற்றிருக்கும். நம்மூரில் தி.மு.க. நிலை வேறு மாதிரி. அந்நிய முதலீட்டை எதிர்க்கிறோம், ஆனால் பா.ஜ.க.வுக்கு வழிவிடக் கூடாது என்பதால் அரசுக்கு ஆதரவாக வாக்களிப்போம் என்று கருணாநிதி முன்கூட்டியே அறிவித்தார். அதன்படியே வாக்கும் விழுந்தது. இதைச் சரி என்றோ தவறு என்றோ நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சொன்னதும் செய்ததும் பதிவில் ஒத்துப்போகிறது. வெளிநடப்பு செய்தவர்களுடையது அப்படி இல்லை. கோபத்தோடு வெளியே போவது டி.வி.யில் எதிர்ப்பாகத் தெரியும். கணக்கில் அது யாருக்கு உதவியது என்று கூட்டிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநடப்பு செய்தவருக்குப் பதிவில் ஒரு கட்டமும் இல்லை என்பதுதான் தொல்லை. "நடுநிலை" பட்டியலிலும் வரமாட்டார். பொத்தானை அழுத்தி நடுநிலை வகித்தவர் வேறு, வெளியே போனவர் வேறு, காய்ச்சலில் ஊரில் படுத்திருந்தவர் வேறு. மூவரும் ஆம், இல்லை பட்டியல்களில் இருக்கமாட்டார்கள். எனவே டிவிஷனுக்கு முந்தைய பத்துப் பதினைந்து பக்கத்தைப் புரட்டுங்கள். இன்ன உறுப்பினர்கள் அவையைவிட்டு வெளியேறினர் என்று அடைப்புக்குறியிலோ சாய்வெழுத்திலோ ஒரு வரி இருக்கும். அது இருந்தால் வெளிநடப்பு. இல்லாவிட்டால், வருகைப் பதிவைப் பாருங்கள்.

வருகையைப் பார்க்க எளிய இடம் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளம். எம்.பி. பெயரைக் கொடுத்தால் வருகைச் சதவீதம், கலந்துகொண்ட விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) எல்லாம் வரும். இரண்டு எச்சரிக்கை. அமைச்சர்கள் வருகைப் பதிவில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை, பதில்தான் சொல்வார்கள். அவர்களுக்குப் பூஜ்யம் என்று படம் போட்டுச் சிரிப்பது நம் அறியாமை. அதேபோல சபாநாயகர் முதலில் வாக்களிக்கமாட்டார். இரண்டு பக்கமும் சமமானால் மட்டுமே அவருக்கு வாக்கு, பிரிவு 100 அப்படிச் சொல்கிறது. இரண்டாவது எச்சரிக்கை, கையெழுத்து என்பது வந்தார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி, சாயங்காலம் வரை இருந்தார் என்பதற்கு இல்லை.

கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து "நம்பர் ஒன் எம்.பி." என்று பட்டம் கொடுப்பது எனக்கு என்றைக்குமே பிடிக்காது. ஒரே கேள்வியில் பத்துப் பேர் பெயர் கோத்திருக்கும். பத்துப் பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகக் கேமராவில் சிக்கி 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்களே, எண்ணிக்கையில் பார்த்தால் அவர்கள் கேட்டதும் கேள்விதான். ஐந்து கேள்வியை எடுத்து முழுதாகப் படியுங்கள். தொகுதியின் ரயில் பாதையைக் கேட்கிறாரா, யாரோ ஒரு கம்பெனியின் உரிமத்தைக் கேட்கிறாரா என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது கொறடாவுக்கு வருவோம், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் எம்.பி.க்களுக்கு உத்தரவு போடுபவர். வாக்குப் பதிவைப் பார்த்து "இவர் மனசு இப்படி" என்று சொல்வதற்கு முன், இவருக்குச் சொந்தமாக வாக்களிக்கும் உரிமை அன்று இருந்ததா என்று கேட்க வேண்டும். 1985-இல் 52-ஆவது திருத்தத்தில் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் உத்தரவுக்கு எதிராக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் பிழைக்கலாம். ஆக, கொறடா உத்தரவு உள்ள நாளில் நீங்கள் படிப்பது கட்சியின் வாக்கை. எம்.பி.யின் சொந்த முகம் தெரிய வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் குழு அறிக்கைகள். கூட்டுக்குழு அறிக்கையின் பின்பக்கத்தில், ஒத்துப்போகாத உறுப்பினர்கள் எழுதிக்கொடுத்த மாறுபட்ட கருத்துக் குறிப்புகள் இருக்கும். கேமரா இல்லாத அறையில் உட்கார்ந்து, ஷரத்து வாரியாகப் படித்து எழுதியவை. சில குறிப்புகளைப் படிக்கும்போது இவரா மேடையில் அப்படிக் கத்துகிறவர் என்று தோன்றும். வெள்ளிக்கிழமைகளில் வரும் தனிநபர் மசோதாக்களும் அப்படித்தான். பெரும்பாலும் அறிமுகத்தோடு நின்றுவிடும், சட்டமானவை மொத்தம் 14, கடைசியானது 1970-இல். ஆனாலும் ஒருவர் எதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிறார் என்று அதில் தெரியும். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்றை ஓர் அவை ஏற்றது பல பத்தாண்டுகளில் அதுதான் முதல்முறை. அதை எண்ணிக்கையில் போட்டால் "ஒன்று" என்றுதான் காட்டும்.

ஒரே கட்சி, ஒரே மசோதா, இரண்டு அவையில் இரண்டு முகம் காட்டுவதும் உண்டு. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். சில நாளில் மாநிலங்களவைக்கு வந்தபோது அதே கட்சி எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. எனவே கட்சியின் நிலைப்பாடு என்று ஒற்றை வரியில் எழுதாமல், எந்த அவை, எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள்.

இனி பேச்சு. வாக்கைவிட இதுதான் வழுக்கும்.

அவைக்குள் பேசியதற்கு அச்சிட்ட பதிவு இருக்கிறது, ஆனால் அதிலும் மூன்று நெளிவு உண்டு. முதலாவது, தமிழில் பேசியிருந்தால் திருத்திய பதிவில் ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கும். தமிழில் பேசியதன் மொழிபெயர்ப்பு என்று உடுக்குறி போட்டுச் சொல்லியிருப்பார்கள். அதை மறுபடி தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு "எம்.பி. சொன்னார்" என்று எழுதினால் அது அவர் சொன்னது இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி வந்த செய்தி ஒன்றில் மேற்கோள் குறியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டு, தோற்று, மறுநாள் மறுப்பு வெளியிட்டதையும் நானே புரூஃப் பார்த்தேன். சன்சத் டி.வி.யின் யூடியூபில் அந்தத் தேதியின் முழு ஒளிப்பதிவு இருக்கும். அசல் வார்த்தையை அங்கே கேளுங்கள். இரண்டாவது, பேசாமலே பதிவாகும் பேச்சு. நேரம் போதாதபோது எழுதிக்கொண்டுவந்த உரையை மேஜையில் வைத்துவிடலாம். அதுவும் விவாதத்தில் அச்சாகும், மேஜையில் வைக்கப்பட்டது என்ற குறிப்போடு. பொடி எழுத்தைப் பார்க்காதவர்கள் "அனல் பறக்கப் பேசினார்" என்று எழுதிவிடுவார்கள். அனல் எங்கே பறந்தது, காகிதம்தான் பறந்தது. மூன்றாவது, நீக்கப்பட்ட சொற்கள். விதி 380-இன்கீழ் சபாநாயகர் நீக்கினால் அந்த இடத்தில் நட்சத்திரம் மட்டும் இருக்கும். கைப்பேசிகளில் சுற்றும் துண்டு வீடியோவில் அந்தச் சொல் இருக்கலாம். அதை எடுத்து வெளியிடாதீர்கள், உரிமைமீறல் பிரச்சினை ஆகும். 1950-களின் கடைசியில் பாட்னாவின் சர்ச்லைட் பத்திரிகை ஆசிரியர் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்.

அவைக்கு வெளியே பேசியதற்கு நீங்கள்தான் பதிவாளர். எக்ஸ் பதிவானால் படம் மட்டும் எடுத்தால் போதாது, இணைப்பையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். நாளைக்கு அழித்துவிட்டாலும் அங்கே இருக்கும். பேட்டியானால் துண்டை நம்பாமல் முழுப் பேட்டியைத் தேடுங்கள். "ஆதரிக்கிறோம், ஆனால்..." என்று தொடங்கும் பேச்சில் எனக்கு வேண்டியதெல்லாம் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு இருப்பதுதான். துண்டு போடுகிறவர்களோ சரியாக அதற்கு முன் வெட்டிவிடுவார்கள். கட்சித் தலைவரின் அறிக்கையையும் எம்.பி.யின் வாயையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தனிப் பத்தியில் எழுதுங்கள்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறேன் என்றால், வாக்கும் பேச்சும் ஒரே நாளில் மோதுவது அபூர்வம். இடைவெளியில்தான் மோதும். குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த 11-ம் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114-க்கு 116. பிறகு 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதே கட்சி சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் தேதியோடு எழுதினால் போதும், நான் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியதில்லை. மனம் மாறக் கூடாது என்று சட்டமா என்ன? மாறியதைச் சொல்லிவிட்டு மாறினார்களா, முதலிலிருந்தே இப்படித்தான் என்றார்களா என்று பாருங்கள். அது அடுத்த பத்தி.

எம்.எல்.ஏ.வைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. சட்டமன்றத்தில் பெயர் வாரியான வாக்கெடுப்பு இன்னும் அரிது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும், பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், 122-க்கு 11. அந்த மாதிரி நாட்களை விட்டால், பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் பேச்சைத்தான் படிக்க முடியும். ஒரு நன்மை, அது தமிழிலேயே இருக்கும்.

நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். மசோதாவுக்கு ஒரு பக்கம். தேதி, அவை, எந்தக் கேள்வி மீது வாக்கெடுப்பு, எந்த வகை, நம்மவர் எங்கே இருந்தார், உத்தரவு இருந்ததா, உள்ளே என்ன பேசினார், வெளியே முன்பும் பின்பும் என்ன சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பி.டி.எஃப். பக்க எண். தெரியாத இடத்தில் "தெரியாது" என்று பேனாவால் எழுதுங்கள். காலியாக விட்டால் பிறகு நம் கை தானாக நிரப்பப் பார்க்கும்.

மச்சினன் அனுப்பிய அந்த மசோதாவுக்கு என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: மக்களவை. நிறைவேற்றும் தீர்மானம். குரல் வாக்கெடுப்பு, டிவிஷன் யாரும் கேட்கவில்லை. பெயர்ப் பதிவு இல்லை. உத்தரவு: தெரியாது. அன்று வருகைப் பதிவில் கையெழுத்து உண்டு. உள்ளே பேசவில்லை. அடுத்த நாள் டி.வி.யில் எதிர்த்து நான்கு நிமிடம் பேசினார்.

இதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் மச்சினன் கேட்டான், "ஏன் மாமா, டிவிஷன் கேட்க ஒரு ஆள் போதும்ல?"

போதும் என்று எழுதினேன்.